பல்லுக்குள் என்ன இருக்கிறது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தர்மபுரி மாவட்டத்தில் ஒரு சிற்றூரில் பல் மருத்துவம் பார்க்கிறேன். வாய் திறந்திருக்கும்போது யாரும் கேள்வி கேட்க முடியாது. அதனால் பாதிச் சந்தேகங்கள் துப்பிவிட்டு எழுந்த பின், வாசற்படியில்தான் வரும். அங்கே நின்று முழுப் பதில் சொல்ல எனக்கும் நேரமிருக்காது. திரும்பத் திரும்ப வந்தவற்றை இங்கே எழுதி வைத்திருக்கிறேன். கேள்விகள் அவர்கள் கேட்டபடியே இருக்கின்றன. பேச்சுவழக்கை மட்டும் எழுத்துக்கு மாற்றினேன்.

பல்லும் ஓர் எலும்புதானே, டாக்டர்?

இல்லை. எலும்பு உடைந்தால் மாவுக்கட்டுப் போட்டுக் காத்திருந்தால் கூடிவிடும். பல்லில் விரிசல் விழுந்தால் எத்தனை நாள் காத்திருந்தாலும் கூடாது. எலும்புக்குள் உயிரணுக்கள் ஓயாமல் பழையதை அரித்துப் புதியதைக் கட்டிக்கொண்டே இருக்கின்றன. பல்லின் மேலோட்டில் அப்படி வேலை பார்க்க ஆளே இல்லை.

பல் என்பது ஒரே பொருளும் அல்ல. வாயில் தெரியும் பகுதியின் மேல் ஓடு எனாமல். அதற்குள்ளே பல்லின் பெரும்பகுதியாக இருப்பது டென்டின். நடுவில் நரம்பும் இரத்தக் குழாயும் கொண்ட மெத்தென்ற பல்கூழ். ஈறுக்குள் மறைந்திருக்கும் வேரைச் சுற்றிச் சிமென்டம் என்ற மெல்லிய பூச்சு. இந்த நான்கோடு, வேரைத் தாடை எலும்பில் கட்டி வைத்திருக்கும் நார்ப்படலத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கீழே வரும் பதில்களில் அதைப் பல்நார் என்று சொல்கிறேன். பல்லில் எந்தத் தொந்தரவு வந்தாலும், இவற்றில் எதில் வந்தது என்பதை வைத்தே அது ஆறுமா, ஆறாதா என்று சொல்ல முடியும்.

எனாமல் என்றால் பல்மேல் அடித்த பெயின்ட் மாதிரியா?

பெயின்ட் இவ்வளவு தடிமனாக இருக்காது. கடைவாய்ப் பல்லின் மேட்டில் எனாமல் ஏறக்குறைய இரண்டரை மில்லிமீட்டர் வரை இருக்கும். ஈறை நோக்கி இறங்க இறங்க மெலிந்து கத்தி விளிம்பு போல முடியும். எடையில் சுமார் 96 சதவீதம் தாது உப்பு, மீதி தண்ணீரும் சொற்பப் புரதமும். மனித உடலில் இதைவிடக் கடினமான திசு கிடையாது. நுண்ணோக்கியில் பார்த்தால் லட்சக்கணக்கான நுண்ணிய கோல்களை நெருக்கிக் கட்டிய விறகுக்கட்டு போலத் தெரியும்.

இதைக் கட்டிய உயிரணுக்கள் பல் ஈறைக் கிழித்து வெளியே வரும்போதே அழிந்துவிடுகின்றன. கட்டடம் முடிந்ததும் கொத்தனார் ஊரைவிட்டுப் போய்விடுகிறார், திரும்பி வருவதே இல்லை.

அவ்வளவு கடினமானது என்றால் மிட்டாய் தின்றதற்கெல்லாம் ஏன் சொத்தை ஆகிறது?

கடினம் என்பது வேறு, அமிலத்தைத் தாங்குவது என்பது வேறு. சுண்ணாம்புக் கல் கடினமானதுதான். அதன்மேல் எலுமிச்சைச் சாற்றை விட்டால் நுரைத்துக் கரைகிறது. எனாமலின் தாதுவும் கால்சியமும் பாஸ்பேட்டும் சேர்ந்ததே. பல்லில் ஒட்டியிருக்கும் படலத்தில் வாழும் பாக்டீரியாக்கள் சர்க்கரையைத் தின்று அமிலத்தைக் கக்குகின்றன. அமிலத்தை அளக்கும் பி.எச். என்ற எண் குறையக் குறைய அமிலம் அதிகம் என்று பொருள். அது 5.5க்குக் கீழே இறங்கியதும் எனாமல் கரையத் தொடங்குகிறது. உமிழ்நீர் அதைச் சமன்செய்து பழைய நிலைக்குக் கொண்டுவர அரை மணி முதல் ஒரு மணி நேரம் ஆகும். ஒரே சமயத்தில் பத்து மிட்டாய் தின்பவனைவிட, மணிக்கு ஒன்றாகப் பத்து மணி நேரம் தின்பவன் பல் சீக்கிரம் போவது இதனால்தான். சர்க்கரை போட்ட டீயை நாள் முழுதும் ஒரு மடக்கு, இரு மடக்கு என்று குடிப்பவர்களுக்கும் இதே கணக்குத்தான்.

போன வாரம் வரை நன்றாக இருந்த பல். முறுக்கு கடித்தேன், உடைந்துவிட்டது. முறுக்கின் குற்றமா?

முறுக்குக்காக நான் வாதாடுகிறேன். எனாமல் கண்ணாடி போல, கடினமானது, ஆனால் நொறுங்கக்கூடியது. அடியில் இருக்கும் டென்டின்தான் அதற்கு மெத்தை. டென்டினில் தாது சுமார் 70 சதவீதம்தான். மீதியில் பெரும்பகுதி கொலாஜன் என்ற நார்ப்புரதம். அதனால் அது கொஞ்சம் வளைந்து கொடுக்கும். யானைத் தந்தம் ஏறக்குறைய முழுக்க இந்த டென்டின்தான். தந்தம் என்ற சொல்லுக்கே பல் என்றுதான் பொருள். யானையின் மேல் வெட்டுப்பல் நீண்டு வளர்ந்ததே அது. சிற்பி செதுக்கும்போது அது சிதறாமல் இருப்பதும் இந்த நாரினால்தான்.

சொத்தை எனாமலில் ஊசித்துளையாக நுழைந்து, டென்டினைத் தொட்டதும் பக்கவாட்டில் பரவும். வெளியே ஒரு கரும்புள்ளி, உள்ளே குகை. கறையான் தின்ற கதவு கை வைத்த அன்றைக்குத்தான் விழும். உங்கள் பல்லும் மாதக்கணக்கில் உள்ளே பொள்ளலாகத்தான் இருந்திருக்கும்.

பல்லில் புழு இருக்கும் என்கிறார்களே? எங்கள் பாட்டி கண்டங்கத்திரி விதைப் புகை பிடித்து எடுத்ததை நானே பார்த்திருக்கிறேன்.

சொத்தைப் பல்லுக்குப் பூச்சிப்பல் என்றே இங்கே பெயர். பல்லைப் புழு தின்கிறது என்ற நம்பிக்கை நம் ஊருக்கு மட்டும் உரியதும் அல்ல. பழைய பாபிலோனியக் களிமண் பலகையிலேயே இருக்கிறது. பிரான்சு நாட்டுப் பல் மருத்துவர் பியர் போஷார் 1728இல் தாம் தேடியவரை புழு எதையும் காணவில்லை என்று எழுதினார். 1890இல் பெர்லினில் பணியாற்றிய வில்லோபி மில்லர், பாக்டீரியாக்கள் உண்டாக்கும் அமிலமே காரணம் என்று விளக்கினார்.

பாட்டி காட்டியது பொய்யா என்று கேட்டுக் குடும்பத்துக்குள் சண்டை மூட்ட விரும்பவில்லை. புகையில் சூடுபட்டு வெடித்த விதையிலிருந்து வெளிவரும் வெண்ணிறமான முளைக்கரு பார்வைக்குப் புழு போலவே இருக்கும்.

எனாமலில் நரம்பு இல்லை என்கிறீர்கள். பிறகு ஐஸ் தண்ணீர் குடித்தால் உச்சி வரை ஏன் கூசுகிறது?

எனக்குப் பிடித்த கேள்வி இது. டென்டின் பார்க்கக் கெட்டியாக இருந்தாலும் உண்மையில் சல்லடை. பல்கூழிலிருந்து வெளிநோக்கி ஓடும் நுண்குழாய்கள் அதில் நிறைந்திருக்கின்றன. வெளிப்புறத்தில் ஒரு சதுர மில்லிமீட்டருக்குச் சுமார் 20,000 இருக்கும். பல்கூழ் அருகே 45,000க்கு மேல். ஒவ்வொன்றிலும் திரவம் நிரம்பியிருக்கிறது. குளிர் பட்டதும் அந்தத் திரவம் சட்டென நகர்கிறது. குழாயின் உள்முனையில் இருக்கும் நரம்பு அந்த இழுப்பைத்தான் வலியாக உணர்கிறது. சுவீடனைச் சேர்ந்த மார்ட்டின் பிரான்ஸ்ட்ரோம் 1960களில் சோதனைகளால் நிறுவிய விளக்கம் இது. இனிப்பு, புளிப்பு, பல்லில் காற்று படுவது என எல்லாம் ஒரே மாதிரி கூசுவதற்கும் காரணம் புரிகிறது. எதுவானாலும் அந்தத் திரவத்தை அசைக்கிறது.

எனாமல் மூடியிருக்கும்வரை இந்தக் குழாய்களின் வாய் அடைபட்டிருக்கும். ஈறு இறங்கினால் வேர் வெளியே வரும். அங்கே எனாமல் இல்லை. சிமென்டம் மட்டும்தான், அதுவும் பல்லின் கழுத்தில் ஒரு மில்லிமீட்டரில் நூற்றில் சில பங்கே தடிமன். அழுத்தித் தேய்த்தால் சீக்கிரம் போய்விடும். பத்தில் ஒரு பல்லில் எனாமலும் சிமென்டமும் சந்திப்பதே இல்லை. நடுவில் டென்டின் ஆரம்பம் முதலே திறந்து கிடக்கும். ஆகவே கூச்சம் இருக்கிறது என்றால் சொத்தை இருக்கிறது என்று அர்த்தமில்லை. கூச்சத்துக்கென்று விற்கும் பற்பசைகள் இந்தக் குழாய் வாய்களை அடைக்கவோ, நரம்பை மந்தமாக்கவோ முயல்கின்றன. இரண்டு நாள் தேய்த்துவிட்டுப் பலனில்லை என்று தூக்கிப் போடாதீர்கள், சில வாரங்கள் பிடிக்கும்.

பகலில் சும்மா இருக்கிற வலி படுத்தால் உயிரை எடுக்கிறது. எந்தப் பல் என்று காட்டவும் தெரியவில்லை. எனக்கு என்ன ஆயிற்று?

விரலில் அடிபட்டால் வீங்குவதற்கு இடம் இருக்கிறது. பல்கூழுக்கு இடமே இல்லை; நான்கு பக்கமும் டென்டின் சுவர், வேர் நுனியில் ஊசிமுனை அளவு வாசல். சொத்தை உள்ளே எட்டிப் பல்கூழ் அழற்சி கண்டால், அழுத்தம் முழுவதும் நரம்பின் மேலேயே இறங்கும். படுத்தால் தலைப்பக்கம் இரத்த ஓட்டம் கூடுகிறது, அழுத்தமும் கூடுகிறது. இரண்டு தலையணை வைத்துச் சாய்ந்து உட்கார்ந்தபடி விடியும்வரை காத்திருந்தவர்களை வாரந்தோறும் பார்க்கிறேன்.

எந்தப் பல் என்று தெரியாததும் இயல்புதான். பல்கூழுக்கு வலிக்கத் தெரியும், இடம் சொல்லத் தெரியாது. இடம் சொல்லும் உணர்வு பல்நாரில் இருக்கிறது. தொற்று வேர் நுனியைத் தாண்டி அந்த நாரைத் தொட்டபின், “இந்தப் பல்தான், மற்றதைவிட உயரமாகிவிட்டது போல இருக்கிறது” என்று விரல் வைத்துக் காட்டுவீர்கள். நடுவில் ஒருநாள் வலி திடீரென நின்றுபோனால் மகிழ வேண்டாம். பெரும்பாலும் பல்கூழ் இறந்துவிட்டது என்பதே அதன் பொருள்.

பல் தாடையில் ஆணி அடித்தது போல இறுகியிருக்கிறதா?

ஆணி போல அல்ல, ஊஞ்சல் போல. வேருக்கும் எலும்புக்கும் நடுவில் கால் மில்லிமீட்டருக்கும் குறைவான இடைவெளி. அதில் நார்கள் ஒரு முனை சிமென்டத்திலும் மறுமுனை எலும்பிலும் புதைந்து பல்லைத் தொங்கவிட்டிருக்கின்றன. கடிக்கும் விசையை அவை வாங்கிக்கொள்கின்றன. சோற்றில் சின்னக் கல் சிக்கினால் மூளைக்குச் செய்தி போய்த் தாடை உடனே நிற்பதும் இவற்றால்தான். தலைமுடியைவிட மெல்லிய தகட்டைப் பற்களுக்கிடையே வைத்தாலும் கண்டுகொள்ளும் கூர்மை இதற்கு உண்டு. எலும்பில் நேராகப் பொருத்தும் இம்பிளான்ட் பல்லுக்கு இந்த நார் கிடையாது. அதனால் கல் கடித்த உணர்வு அதில் மந்தம்.

கம்பி போட்டுப் பல்லை நகர்த்துவதும் இந்த நாரின் தயவில்தான். அழுத்தும் பக்கம் எலும்பு கரைகிறது, இழுக்கும் பக்கம் புது எலும்பு வளர்கிறது. மாதத்துக்கு ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர். கம்பியை இன்னும் முறுக்கிச் சீக்கிரம் முடிக்கச் சொல்லும் கல்யாண அவசரக்காரர்களுக்கு இதுவே பதில்.

பையன் மைதானத்தில் விழுந்து முன்பல் வேரோடு வந்துவிட்டது. கழுவித் துணியில் சுற்றி எடுத்து வந்தேன். சரிதானே?

கோபப்படாமல் சொல்ல முயல்கிறேன். வேரின் மேல் ஒட்டியிருக்கும் நார் உயிரணுக்கள் உலர்ந்தால் செத்துவிடும். அவை உயிரோடிருந்தால்தான் பல் மறுபடி ஒட்டும். பல்லின் வெள்ளைப் பகுதியை மட்டும் பிடியுங்கள். வேரைத் தொடாதீர்கள், தேய்க்காதீர்கள். மண் இருந்தால் தண்ணீரில் ஒரு சில நொடி அலசி, அங்கேயே குழிக்குள் வைத்து, பையனைத் துணியைக் கடித்தபடி இருக்கச் சொல்லிக் கூட்டி வாருங்கள். வைக்கத் துணிவில்லையா? பாலில் போட்டுக் கொண்டுவாருங்கள். அரை மணி நேரத்துக்குள் வந்தால் நல்லது. ஒரு மணி நேரம் உலர்ந்துவிட்டால் நம்பிக்கை வெகுவாகக் குறைந்துவிடும். பால்பல்லாக இருந்தால் திரும்ப வைக்கக் கூடாது, அடியில் வளரும் நிலைப்பல்லுக்குச் சேதம் வரும்.

பால்பல் எப்படியும் விழத்தானே போகிறது, அதற்கு ஏன் வைத்தியம்? விழுந்த பல்லில் வேரே இல்லையே!

வேர் இருந்தது. கீழிருந்து நிலைப்பல் மேலேறும்போது, அதற்கென்றே வரும் உயிரணுக்கள் பால்பல்லின் வேரைக் கரைத்துத் தின்றுவிடுகின்றன. பிடிப்பில்லாமல் ஆடும் தொப்பியைத்தான் சாணியில் வைத்துக் கூரைமேல் எறிகிறோம்.

பால்பல்லின் எனாமல் நிலைப்பல்லில் இருப்பதில் பாதித் தடிமன்தான். பல்கூழோ விகிதத்தில் பெரியது. எனவே சொத்தை நரம்பை எட்டச் சில மாதங்களே போதும். இன்னொன்று: ஆறு வயதில், பால்பற்களுக்கெல்லாம் பின்னால், எதுவும் விழாமலே ஒரு கடைவாய்ப் பல் முளைக்கும். அது நிலைப்பல். எதுவும் விழவில்லையே என்று அதைப் பால்பல்லாக நினைத்து, அழுகும்வரை விட்டுவிட்டு வரும் பெற்றோர் என்னிடம் எண்ணிக்கையில் அதிகம்.

எங்கள் ஊரில் எல்லோருக்கும் பல் பழுப்பாக இருக்கிறது. தேய்க்காததாலா?

இல்லை, அம்மா. அந்தப் பழிச்சொல்லை முதலில் இறக்கி வையுங்கள். தர்மபுரி, கிருஷ்ணகிரி வட்டாரத்தில் பாறைகளிலிருந்து கரைந்து வரும் புளோரைடு நிலத்தடி நீரில் அதிகம். குடிநீரில் லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வரையறை. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் கொண்டுவரப்பட்டதற்கு முக்கியக் காரணமே இதுதான். 2013இல் அது பயன்பாட்டுக்கு வந்தது.

இரண்டாம் பதிலில் சொன்ன கொத்தனாரை நினைவில் கொள்ளுங்கள். எனாமல் கட்டப்படும்போது முதலில் புரதச் சாரம் கட்டி, பிறகு அதைப் பிரித்தெடுத்துவிட்டுத் தாதுவை நிரப்புவார்கள். மிகுதியான புளோரைடு இந்த வேலையைக் கெடுக்கிறது. சாரம் முழுதாகப் பிரிக்கப்படாமல், எனாமல் பஞ்சு போல நுண்துளையோடு முடிகிறது. பல் முளைக்கும்போது சுண்ணாம்பு வெள்ளையாகத்தான் வரும். அந்தத் துளைகளில் பிறகு நிறம் ஏறிப் பழுப்பாகிறது. இதெல்லாம் எட்டு வயதுக்குள் நடந்து முடிகிற காரியம். முப்பது வயதில் இந்த ஊருக்கு வேலைக்கு வந்த ஆசிரியருக்குப் பல் பழுப்பாகாது, இங்கே பிறந்து வளர்ந்த அவர் பிள்ளைக்கு ஆகலாம்.

அமெரிக்காவில் கொலராடோ ஸ்பிரிங்ஸ் என்ற ஊரில் 1901இல் தொழில் தொடங்கிய பிரெடரிக் மெக்கே இதே பழுப்பைப் பார்த்துக் குழம்பினார். காரணம் தண்ணீரிலுள்ள புளோரைடு என்பது 1931இல்தான் உறுதியானது. பழுப்பேறிய பற்களில் சொத்தை குறைவு என்பதையும் அவர் கவனித்திருந்தார். எனாமல் தாதுவில் புளோரைடு சேர்ந்தால் அது கரைய பி.எச். 4.5 அளவுக்கு இறங்க வேண்டும். அதனால்தான் பற்பசையில் அளவோடு சேர்க்கிறார்கள். தண்ணீரில் மிகுந்தால் கேடு, பசையில் அளவோடு இருந்தால் காப்பு. சிறு பிள்ளைகள் பசையை விழுங்காமல் பார்த்துக்கொண்டால் போதும்.

எனக்குப் பழுப்பு இல்லை, மஞ்சள்தான். செங்கல் தூள் போட்டுத் தேய்த்தால் வெளுக்குமா?

எனாமல் பாதி ஒளி ஊடுருவும் பொருள். அடியிலிருக்கும் டென்டினின் மஞ்சள்தான் வெளியே தெரிகிறது. வயது ஏற ஏற எனாமல் தேய்கிறது, உள்ளே டென்டின் வாழ்நாள் முழுவதும் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்கிறது. அதனால் மஞ்சள் கூடும், அது நோயில்லை. செங்கல் தூளும் கரித்தூளும் எனாமலை அராவி, மஞ்சளை இன்னும் அருகே கொண்டுவரும். நீங்கள் கேட்டதற்கு நேர் எதிரான பலன்.

பல்லைச் சுத்தம் செய்தால் ஆட ஆரம்பிக்கும் என்கிறார்களே?

ஏற்கெனவே ஆடிக்கொண்டிருந்த பல்லை, அதன்மேல் கல் போல இறுகிப் படிந்த அழுக்கான காரை பிடித்து நிறுத்தியிருந்தது. ஈறுக்கடியில் காரை படிந்து, அழற்சியில் தாடை எலும்பு கரைந்து, பல்நாருக்குப் பிடிமானம் போன பின்புதான் பலர் வருகிறார்கள். காரையை எடுத்ததும் உண்மை நிலை தெரிகிறது, பழி என்மேல் விழுகிறது.

மேல் பல்லைப் பிடுங்கினால் கண் பார்வை போகுமா?

போகாது. மேல் பற்களுக்கு வருவது ஐந்தாம் மூளை நரம்பின் கிளை, பார்வைக்குரியது இரண்டாம் நரம்பு. இரண்டும் வேறு வேறு. மேல் கோரைப்பல்லில் சீழ் பிடித்து முற்றினால் வீக்கம் கண்வரை ஏறும்; பயப்பட வேண்டியது பிடுங்காமல் விடுவதற்குத்தான்.

வேர் சிகிச்சை செய்த பல் செத்த பல்தானே? அதை வைத்துக்கொண்டு என்ன பயன்?

பாதிதான் செத்தது. பல்கூழை எடுத்துவிட்டு அந்தக் கால்வாயைக் கட்டாபெர்ச்சா என்ற, மலாய் நாட்டு மரப்பாலிலிருந்து கிடைக்கும் பொருளால் அடைக்கிறோம். பல் இனிமேல் குளிரை உணராது. ஆனால் சிமென்டமும் பல்நாரும் வெளியிலிருந்து இரத்தம் பெறுகின்றன, அவை உயிரோடுதான் இருக்கின்றன. கல் கடித்தால் இந்தப் பல்லும் சொல்லும்.

சிகிச்சைக்குப் பின் பல் காய்ந்து மொறுமொறுப்பாகிவிடும் என்பார்கள். உடைவதற்கு முதன்மைக் காரணம் உலர்வதல்ல. சொத்தையும் நாங்கள் தோண்டியதும் சேர்ந்து சுவர் குறைந்துபோவதே. முறுக்கு பற்றிய பதிலை நினைத்துக்கொண்டால், கடைவாய்ப் பல்லுக்கு மேலே உறை போடச் சொல்வது எதற்கு என்பது விளங்கும்.

சொத்தை மருந்தில்லாமல் தானாக ஆறுமா?

எந்தக் கட்டம் என்பதைப் பொறுத்தது. எனாமலில் துளை விழுவதற்கு முன் சுண்ணாம்புப் புள்ளி போல ஒரு வெண்மை தெரியும். அந்நிலையில் உமிழ்நீரின் கால்சியமும் பாஸ்பேட்டும், பசையின் புளோரைடும் இழந்த தாதுவைத் திரும்ப நிரப்ப முடியும். உயிரணு எதுவும் வேலை செய்யவில்லை, இது வெறும் வேதியியல். துளை விழுந்துவிட்டால் அந்த வாய்ப்பு முடிந்தது.

டென்டினின் கதை வேறு. அதைக் கட்டிய உயிரணுக்கள் பல்கூழின் ஓரத்தில் இன்னும் உட்கார்ந்திருக்கின்றன. சொத்தை மெதுவாக நெருங்கினால் உள்பக்கம் அவசரச் சுவர் ஒன்றை எழுப்பிப் பல்கூழைக் காத்துக்கொள்ளும். நாங்கள் ஆழமான சொத்தையை அடைக்கும்போது அடியில் மருந்து வைப்பதும் இந்தச் சுவருக்குத் துணையாகத்தான்.

பல்லை வைத்து ஆளின் வயதைச் சொல்வது சினிமாக் கதையா?

இல்லை. எனாமல் வளரும்போது நாளுக்கொரு நுண்கோடு விழுகிறது. பிறந்த நாளின் அதிர்ச்சிகூடப் பால்பல்லில் தனிக்கோடாகப் பதிகிறது. அதைவிட வியப்பானது அணுகுண்டுக் கணக்கு. 1955 முதல் 1963 வரை நடந்த வெடிப்புச் சோதனைகளால் காற்றில் கார்பன்-14 என்ற கதிரியக்கக் கார்பன் ஏறியது, பிறகு இறங்கியது. எனாமல் ஒருமுறை உருவானால் மாறாது என்பதால், அது உருவான ஆண்டின் காற்று அதில் பூட்டிக் கிடக்கிறது. சுவீடன் ஆய்வாளர்கள் 2005இல் இதைக் கொண்டு பிறந்த ஆண்டை ஏறக்குறைய ஒன்றரை ஆண்டுத் துல்லியத்தில் கணித்துக் காட்டினார்கள். பழுதுபார்க்க ஆளில்லாத குறையே இங்கே சாட்சியாகிறது.

அறிவியல் இவ்வளவு வளர்ந்திருக்கிறது. எனக்கு எழுபது வயது. புதுப் பல் முளைக்க வைக்க ஊசி ஏதும் வந்திருக்கிறதா?

பல்கூழில் தண்டுசெல்கள், அதாவது வேறு வகை உயிரணுக்களாக மாறக்கூடிய உயிரணுக்கள், இருப்பது 2000இல் கண்டறியப்பட்டது. விழுந்த பால்பல்லிலும் இருப்பது 2003இல். டென்டின் போன்றதை அவற்றால் உருவாக்க முடிகிறது. எனாமலைக் கட்டுவதற்குத்தான் அவை உதவுவதில்லை. ஜப்பானில் கியோட்டோவில், பல் வளர்ச்சியைத் தடுக்கும் ஒரு புரதத்தை முடக்கும் மருந்தை மனிதர்களுக்குக் கொடுத்துப் பார்க்கும் சோதனை 2024இல் தொடங்கியது. முதற்கட்டத்தில் பார்ப்பது மருந்து ஆபத்தில்லாததா என்பதைத்தான். குறிவைத்திருப்பதும் முதலில் பிறவியிலேயே பல் முளைக்காதவர்களை. கேட்ட பெரியவருக்கு நான் செய்து கொடுத்தது பல்செட்டு. முதல் வாரம் திட்டினார். இப்போது வேர்க்கடலை தின்கிறாராம்.